குதிரை ஒட்டாத கிட்டாப் பாத்து வாங்கு, மாப்ள

சூலூரில் இருக்கும் என் அக்கா மகன் போன வாரம் கூப்பிட்டான். "மாமா, உகுலேலே கிட்டு மூணு பாத்து வெச்சிருக்கறனுங்க. லீவுக்குள்ள செஞ்சு முடிக்கோணும். எதுங்க வாங்கறது?"

உகுலேலே என்பது கிட்டார் மாதிரி, நாலு நரம்பு கட்டிய சின்ன வாத்தியம். அதை வீட்டிலேயே செய்து முடிக்கப் பாகங்களாக வருவதுதான் கிட். மூன்றின் படங்களையும் அனுப்பியிருந்தான். சரியான ஆளைத்தான் கேட்டிருக்கிறான். இந்த வேலையில் எங்கெல்லாம் தப்பு செய்யலாமோ அங்கெல்லாம் நான் ஏற்கெனவே செய்து முடித்தவன். கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். நூறில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் உருப்படி திரும்பி வந்துவிடும் தொழில். அப்படிப்பட்டவன் ஒரு நாலு மில்லிமீட்டரில் மண்ணைக் கவ்வினேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டிலேயே ஒரு உகுலேலே செய்ய வேண்டுமென்றால் வழிகள் சில உண்டு. பெட்டியும் கழுத்தும் தயாராக வர, நாம் சேர்த்து ஒட்டி மெருகு போடும் எளிய கிட். வளைத்த பக்கப் பலகை, மேல் பலகை, அடிப் பலகை, உள்ளே ஒட்டும் குச்சிகள் என்று எல்லாம் உதிரியாக வரும் பெரிய கிட். கிட்டே வேண்டாம், மரம் வாங்கி ஆசாரியோடு உட்கார்ந்து செய்கிறேன் என்பது மூன்றாவது. ரெடிமேடாக வாங்குவது ஒன்று இருக்கிறது. அதைச் சட்டென்று முடித்துவிடலாம். வாசிப்பது மட்டும்தான் ஆசை என்றால் ரெடிமேட் வாங்குங்கள். எளிய கிட்டுக்கும் ஆரம்பநிலை ரெடிமேட் உகுலேலேக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து யாரும் கிட் வாங்க வேண்டாம். உப்புத்தாள், பசை, நல்ல நரம்பு என்று கணக்குப் போட்டால் கிட்தான் கூட வரும்.

ஆசாரி வழியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஆசை அங்கேதான் இழுக்கும். அந்த ஆசைக்கு நியாயமும் இருக்கிறது. 1879 ஆகஸ்டில் ரேவன்ஸ்க்ராக் என்ற கப்பலில் போர்ச்சுகலின் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாயின் ஹொனலுலு போய் இறங்கியவர்களில் மூன்று பேர் மரச்சாமான் செய்கிற தச்சர்கள்: மானுவல் நூனெஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்து சாந்தோ. ஊரிலிருந்து கொண்டு போன மச்சேட்டி என்ற சின்ன வாத்தியத்தைப் பார்த்து, ஹவாய் மரத்தில் அவர்கள் செய்ய ஆரம்பித்ததுதான் உகுலேலே ஆனது. கட்டிலும் அலமாரியும் செய்த கை என்பதால் நம் ஊர்க் கைக்கும் வராதா என்று தோன்றும். ஹவாயில் அதற்குப் பேர்போன கோவா மரம், காங்கேயம் பக்கம் கிளுவை வேலி போட்ட கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் வெள்வேலமரத்துக்கு ஒரு வகையில் பங்காளி என்று தெரிந்தபோது எனக்கும் தலைகால் புரியவில்லை.

வெள்வேல் கனம், அதை விட்டுவிடுவோம். தேக்கு கிடைக்கும், பலா கிடைக்கும், வால்பாறை எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் கிடைக்கும். வீணையும் தவிலும் பலாவில்தான் செய்கிறார்கள் என்பதால் நான் பலாப் பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெரு ஆசாரியிடம் போனேன். மேல் பலகை இரண்டு மில்லிமீட்டருக்குள் வர வேண்டும் என்றேன். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு மில்லிக்கு நான் இழைப்புளி புடிச்சன்னா காத்துல போயிருமுங்க. கதவு ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க."

கதை அவ்வளவுதான். வாத்தியத்தின் உயிர் அந்த மெல்லிய பலகையில் இருக்கிறது. தடித்தால் கதவைத் தட்டுகிற சத்தம் வரும், மெலிந்தால் நரம்பு இழுப்பில் குழி விழும். பக்கப் பலகையை ஈரப்படுத்திச் சூடான குழாயில் வைத்து வளைப்பது இன்னொரு வித்தை. முதல் நாலு பலகை உடைவதற்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். வளைவே இல்லாமல் சதுரப் பெட்டியாகச் செய்யலாம், சுருட்டுப் பெட்டியில் செய்கிறவர்கள் உண்டு, சத்தமும் மோசமில்லை. ஆனால் அதற்கும் கழுத்தும், அதில் விரல் வைக்கக் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டும் துல்லியமாக வேண்டும். கொட்டாங்குச்சியில் செய்யலாமே என்று பொள்ளாச்சி சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். அந்தியூர் குருநாதசாமி தேர்க்கடையில் வாங்கிய கொட்டாங்குச்சி ஃபிடில் எனக்கு நினைவுக்கு வந்தது. விற்பவர் கையில் பாட்டுப் பாடும், வீட்டுக்கு வந்தால் கரகரக்கும். முதல் வாத்தியத்துக்கு இந்த வழி வேண்டாம். மூன்றாவதுக்கு ஆகட்டும்.

உதிரியாக வரும் பெரிய கிட், மாப்பிள்ளை அனுப்பிய மூன்றாவது படம். டெனர் என்ற பெரிய அளவு, வெளிநாட்டிலிருந்து வருவது. உண்மையைச் சொன்னால் பார்த்ததும் எனக்கே கை ஊறியது. பக்கப் பலகையை அவர்களே வளைத்துக் கொடுத்துவிடுகிறார்கள், மேல் பலகையைத் தேவையான தடிமனுக்குத் தேய்த்துவிடுகிறார்கள். மீதியெல்லாம் நம் வேலை. உள் ஓரத்தில் ஒட்டும் வரிச்சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கத் துணி காயப்போடும் மரக் கிளிப் முப்பது நாற்பது வேண்டும். பெட்டியை மூடும்போது திருகி இறுக்கும் சி கிளாம்ப் போதாது. பழைய சைக்கிள் டியூபை ரிப்பனாகக் கிழித்துச் சுற்றினால் ஒரே சீராக அழுத்தும். உள்ளே தாங்கு குச்சியைச் சீவிச் சீவி, பலகையை விரலால் தட்டிக் கேட்டு நிறுத்த வேண்டும். எங்கே நிறுத்துவது என்று காகிதத்தில் எழுதித் தர முடியாது. முடித்துவிட்டால் வருவது நிஜமான வாத்தியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சனி ஞாயிறாகக் கணக்குப் போட்டால் இரண்டு மாதம் பிடிக்கும், பார்சல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் விலையும் எங்கேயோ போய் நிற்கும். பாதியில் விட்டால் பரணில் ஏறும். மாப்பிள்ளையின் பரணில் ஏற்கெனவே ஒரு ட்ரோன் இருக்கிறது.

ஆக, எளிய கிட். ஆனால் எளிய கிட்டிலேயே இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றில் நரம்பு கட்டும் பிரிட்ஜை, வீணைக்காரர்கள் சொல்லும் குதிரையை, கம்பெனியிலேயே ஒட்டி அனுப்பிவிடுவார்கள். நமக்கு மிச்சம் கழுத்தை மாட்டுவதும் பெயின்ட் அடிப்பதும். இன்னொன்றில் குதிரை தனியாக ஒரு பாலிதீன் கவரில் கிடக்கும். முதல் வகைதான் சுலபம், பத்து வயதுப் பிள்ளைகூடச் செய்யும், பெயின்ட் டப்பாவோடு வரும். நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன்.

என் நாலு மில்லிமீட்டர் கதை இதுதான். நான் முதலில் வாங்கியது சின்ன அளவான சொப்ரானோ. குதிரை தனியாக வந்தது. மேல் பலகையில் பென்சிலால் மெல்லிசாக ஒரு கோடு இருந்தது. கோடு போட்ட இடத்தில் ஒட்டினால் சரி என்று ஒட்டிவிட்டேன். பட்டறையில் வரைபடத்தை நம்பி ஒரு ஷாஃப்ட் கடைந்ததில்லை, அளந்து பார்க்காமல் எதையும் தொட்டதில்லை. வீட்டில் மட்டும் ஏன் அளக்கவில்லை என்று இன்றுவரை விளங்கவில்லை. நரம்பு கட்டிச் சுதி சேர்த்தால் விரல் வைக்காத திறந்த நரம்பு நாலும் தேன். பன்னிரண்டாம் மெட்டில் விரல் வைத்தால் சுதி இறங்கி நின்றது. வெர்னியர் எடுத்துப் பார்த்தேன். குதிரை நாலு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி உட்கார்ந்திருந்தது.

கணக்கு எளிமை. பன்னிரண்டாம் மெட்டு நரம்பின் சரிபாதியில் இருக்க வேண்டும். அப்போதுதான் மேல் ஸட்ஜம் வரும். சொப்ரானோவில் நரம்பு நீளம் சுமார் 345 மில்லிமீட்டர், பாதி 172.5. குதிரை நாலு தள்ளினால் முழு நீளம் 349, பன்னிரண்டில் அமுக்கினால் மிச்சம் 176.5. பாதியில்லை. ஒரு அரைஸ்வர இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும். காது கேட்கிற யாருக்கும் முகம் சுளிக்கும்.

வீணையில் இந்தப் பிரச்சினைக்கு மருந்து இருக்கிறது. 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கும். பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்தி மறுபடி சேர்க்கலாம். உகுலேலேயில் மெட்டெல்லாம் கட்டையில் அறைந்தது, நகராது. கிட் செய்கிறவர்கள் மெஷினில் அறுத்து அடிப்பதால் மெட்டுகளின் இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சுதியைத் தீர்மானிக்கும் இடத்தில் நம் கை படுவது ஒரே தடவை, குதிரையை ஒட்டும்போது. அதைக் கம்பெனிக்காரன் எங்கோ ஒரு அவசரத்தில் ஒட்டி அனுப்பியிருந்தால் நமக்கு அந்த ஒரு தடவையும் போச்சு. பெயின்ட் அடிக்கத்தான் நாம்.

ஒட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். நரம்பு கழுத்தின் தலைப்பில் விட்டுக் கிளம்பும் இடம் நட். நட்டின் உள் ஓரத்திலிருந்து பன்னிரண்டாம் மெட்டின் உச்சி வரை ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். அதே அளவை அங்கிருந்து மறுபடி போட்டு, இரண்டு மில்லிமீட்டர் கூட்ட வேண்டும். விரலால் அமுக்கும்போது நரம்பு கொஞ்சம் இழுபட்டுச் சுதி ஏறும். அதற்கு ஈடுதான் இந்த இரண்டு. அந்தப் புள்ளியில் வர வேண்டியது குதிரையின் நடு அல்ல, அதன் மேல் நரம்பு உட்காரும் வெள்ளைத் துண்டின் உச்சி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுவது. பிறகு இரண்டு ஓர நரம்புக்குப் பதில் தையல் நூல் இரண்டை நட்டிலிருந்து குதிரை வரை இழுத்துப் பிடித்து, கழுத்தின் இரண்டு விளிம்பிலும் ஒரே இடைவெளி விட்டுப் போகிறதா என்று பார்க்க வேண்டும். இடம் சரியானதும் சுற்றிப் பேப்பர் டேப்பால் வேலி கட்டிவிட்டால் கிளாம்ப் போடும்போது வழுக்காது. ஒரு இரவு முழுக்க அசைக்கக் கூடாது.

இதற்கெல்லாம் முன்னால், பசை இல்லாமல் கழுத்தை மாட்டி, குதிரையையும் ஒட்டாமல் அதன் இடத்தில் வைத்துப் பார்த்து, மெட்டுகளின் மேல் ஸ்கேலை நீட்ட வேண்டும். ஸ்கேலின் நுனி குதிரைக் கட்டையின் மேல் முகத்தை உரசினாற்போல் போக வேண்டும். மேலே தூக்கினாலோ கட்டையில் முட்டினாலோ கழுத்துக் கோணல். சேருமிடத்தை உப்புத்தாளில் தேய்த்துச் சரி பண்ணிவிட்டுத்தான் பசை எடுக்க வேண்டும்.

பசைக்கு வருவோம். கிட்டோடு வரும் குட்டி டியூபைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மர வேலைக்கான வெள்ளைப் பசை, நம் ஊரில் ஃபெவிகால் எஸ்எச், போதும். அரால்டைட் போட்டால் உறுதியாக இருக்கும்தான், ஆனால் தப்பாக ஒட்டினால் பிரிப்பது பெரும்பாடு. வெள்ளைப் பசை சூட்டில் இளகும், நான் குதிரையைக் கழற்றியது அப்படித்தான்: இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்கி வைத்து, மெல்லிய தோசைக் கரண்டியைக் கொஞ்சங் கொஞ்சமாக உள்ளே விட்டு. வீட்டுக்காரிக்கு அந்தக் கரண்டி எங்கே போனதென்று இன்னும் சொல்லவில்லை. சூட்டில் இளகும் என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் உகுலேலேயை விட்டுப் போகாதீர்கள்.

கழற்றிய குதிரையைச் சரியான இடத்தில் மறுபடி ஒட்டினேன். அங்கே பெயின்ட் இருந்தது. மயில் நீலத்தில் எனாமல், மூன்று கோட். மேலேயே ஒட்டிவிட்டேன். நாலாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்கு 'டக்'கென்று ஒரு சத்தம், பல்லி ஏதோ உருட்டிவிட்டது என்று படுத்துவிட்டோம். காலையில் பார்த்தால் குதிரை நாலு நரம்போடு சோபாவுக்கு அடியில். சின்ன வாத்தியம் என்று பார்க்கக் கூடாது. நாலு நரம்பும் சேர்ந்து பதினைந்து இருபது கிலோ இழுக்கும். அதைத் தாங்குவது மரத்தோடு மரம் ஒட்டிய பசைதான். பெயின்டோடு ஒட்டியது பெயின்டோடு வந்துவிடும்.

எனாமலால் வந்த இழப்பு அது மட்டுமில்லை. சத்தமே போர்வைக்குள் வைத்து வாசித்ததுபோல ஆகிவிட்டது. மெல்லிய பலகை அதிர வேண்டும், தோல் போலப் பெயின்ட் போர்த்தினால் எங்கே அதிரும்? படம் வரையும் ஆசையிருந்தால் பின்பக்கத்தில் வரையுங்கள். முன்பக்கத்துக்கு ஆசாரிகள் போடும் பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, துணி உருண்டையால் மெல்லிசாகத் தேய்த்தால் போதும். சீக்கிரம் காயும், தப்பினால் ஸ்பிரிட்டால் துடைத்து மறுபடி போடலாம். வேண்டாமென்றால் ஆளிவிதை எண்ணெய். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும்; விரித்துக் காயப்போட வேண்டும். எதைப் போட்டாலும் குதிரை உட்காரும் இடத்தை டேப் ஒட்டி மறைத்து, கடைசியில் வெறும் மரமாக விட வேண்டும். ஆடியில் இந்த வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அம்மியைப் பறக்கவைக்கிறதோ இல்லையோ, பல்லடம் ரோட்டுத் தூசியெல்லாம் உங்கள் பாலிஷில் வந்து ஒட்டும்.

கோடை லீவு அதற்கு நல்ல காலம், ஒரு நிபந்தனையோடு. கிட் வந்த அன்றே பசை எடுக்கக் கூடாது. எங்கோ ஈரக் காற்றில் செய்த மரம் நம் கோடைக் காய்ச்சலில் சுருங்கும். ஒரு வாரம் பெட்டியைத் திறந்து அறையில் வைத்துவிடுங்கள். பிறகு கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டினால் மெட்டுகளின் நுனி முள்ளாகக் குத்தும். மரம் சுருங்கியது, பித்தளை சுருங்கவில்லை. மெல்லிய அரத்தால் ஓரத்தைத் தட்டி எடுத்தால் ஆயிற்று. பசை வேலையை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்; மத்தியானத்தில் ஃபேனுக்கு அடியில் பூசினால் கிளாம்ப் எடுப்பதற்குள் ஆடை கட்டிவிடும்.

அளவு விஷயத்தில் கடைக்காரர்கள் 'ஆரம்பிக்கிறவங்களுக்கு சொப்ரானோ' என்பார்கள். சின்னது, சுலபம் என்ற கணக்கு. பிள்ளைகளுக்குச் சரி. மாப்பிள்ளை ஆறடி, விரல் ஒவ்வொன்றும் வாழைப்பூ மடல் மாதிரி. சொப்ரானோவில் நட்டுக்கும் முதல் மெட்டுக்கும் நடுவே பத்தொன்பது மில்லிமீட்டர்தான். சுமார் 380 நீளமுள்ள கான்சர்ட்டில் இருபத்தொன்று, 430 உள்ள டெனரில் இருபத்துநாலு. மூன்றுக்கும் சுதி ஒன்றுதான். டெனர் கைக்கு இன்னும் தாராளம், ஆனால் எளிய கிட்டுகளில் அந்த அளவு அதிகம் வருவதில்லை. நீளம் கூடக் கூட ஒரு மில்லிமீட்டர் பிசகின் குற்றமும் கொஞ்சம் குறையும். எனவே கான்சர்ட்.

நரம்பை மாற்றிவிடுங்கள், கிட்டோடு வருவது பெரும்பாலும் சுமார்தான். நைலானோ ஃப்ளோரோகார்பனோ எதுவானாலும் சரி. கிட்டார் ஸ்டீல் கம்பி மட்டும் கட்டாதீர்கள், பெட்டி தாங்காது. புது நரம்பு நாலைந்து நாள் இழுபட்டு இறங்கிக்கொண்டே இருக்கும், அது செய்தவர் குற்றமில்லை. நட்டில் நரம்பு உட்காரும் காடி ஆழமில்லாமல் இருந்தால் முதல் மெட்டுகளில் விரல் வலிக்கும், சுதியும் ஏறும். மூன்றாம் மெட்டில் அமுக்கிப் பிடித்து, முதல் மெட்டுக்கு மேல் நரம்பு எவ்வளவு தூக்கி நிற்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடைவெளி போதும். அரத்தை இரண்டு இழுப்பு இழுத்து ஒரு தடவை பார்க்க வேண்டும். கூடப் போய்விட்டால் நரம்பு மெட்டில் உரசிக் கிர்ரென்னும், பிறகு புது நட்தான். ஈட்டி மரக் கட்டில் கால் உடைந்தது ஏதாவது வீட்டில் கிடந்தால் ஒரு துண்டு அறுத்து வைத்துக்கொள்ளுங்கள், நட்டுக்கு அருமையான கட்டை.

சுதி சேர்த்ததும் ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. நாலு நரம்பும் மேலிருந்து ஜி, சி, இ, ஏ. சி-யை ஸட்ஜமாக வைத்தால் ப, ஸ, க, த. நாலுமே மோகன ராகத்து ஸ்வரம். ரிஷபத்துக்கு மட்டும் ஸட்ஜ நரம்பில் இரண்டாம் மெட்டைத் தொட்டால் போதும். பாட்டு வாத்தியார் வீட்டுப் பக்கம் போகாத என் கையே மோகனம் மாதிரி ஏதோ ஒன்றை வாசித்துவிட்டது. கமகத்துக்கு ஆசைப்படாதவரை குறையில்லை.

மாப்பிள்ளையின் மூன்று படங்களில் முதலாவது குதிரை ஒட்டி வரும் சொப்ரானோ, பன்னிரண்டு கலர் பெயின்டோடு. மூன்றாவது அந்த டெனர் உதிரி. நடுவில் இருந்தது கான்சர்ட், வெறும் மரம், குதிரை தனிக் கவரில். அதுதான் என்றேன்.

"அப்ப ஆர்டர் போட்டர்றனுங்க மாமா."

"இருடா. அதுக்கு முன்னாடி கடைக்காரனைக் கேளு, நட்டுலிருந்து பன்னண்டாம் மெட்டு வரைக்கும் எத்தன மில்லின்னு."

எழுதிக் கேட்டிருக்கிறான். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'வெரி குட் குவாலிட்டி சார்.' வேறு கடை பார்த்துக்கொண்டிருக்கிறான்.